நடுக்கதவு

மிருகக்காட்சிசாலையில் புலியும் கொரில்லாவும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருந்தன. நடுவில் ஓர் இரும்புக் கதவு. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சுதான்.

"புலி பாய்ஞ்சா நேரா கழுத்துதான்."

"போய்யா, கொரில்லா விடுற ஒரே அறையில புலிக்குத் தாடை கழண்டுடும்."

கூண்டிலேயே பிறந்த புலிக்கு வெட்டிப் போட்ட கறியைத் தவிர வேறெதுவும் தெரியாது. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் தாடையைக் கம்பியில் தேய்த்துப் பார்த்துக்கொள்ளும்.

ஒருநாள் காலை, கூண்டு கழுவியவர் நடுக்கதவைச் சாத்த மறந்து போய்விட்டார். புலி முதலில் பின்வாங்கி மூலையில் ஒடுங்கியது. மெல்ல எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் கொரில்லா இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு நின்றது.

"அண்ணே, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றது புலி.

"நானும்தான் தம்பி. நீ தலையால முட்டித் தள்ளு, நான் இழுக்கிறேன்."

துருப்பிடித்த கதவு முனகிக்கொண்டே மூடியது. கொரில்லா தாழ்ப்பாளைப் போட்டது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கதவில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கின.

அன்றைக்கு முதலில் வந்தவர் கம்பியைத் தட்டிச் சொன்னார்: "நடுவுல இந்தக் கதவு மட்டும் இல்லேன்னா தெரியும் சேதி!"

"அண்ணே, தாழ்ப்பாள் சரியா விழுந்துச்சா?" என்று புலி மெதுவாகக் கேட்டது.