பேனா நின்ற இடம்

பிற்பகல் வெயில் ஜன்னல் திரையின் இடுக்குகள் வழியாகக் கீபோர்டின் மேல் கோடு கோடாக விழுகிறது. புரோகிராம் எழுதுகிறவன் திரையில் ஒரு பிழையைத் தேடுகிறான். மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேட வேண்டும். பிழை தேடும்போது மனிதர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராயும் பேராசிரியை பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறாள். பேனா தாளில் சரசரக்கிறது. பிழையை ஒளித்து வைத்தவளே அவள்தான். அதனால் வாய் திறக்கக் கூடாது, தலைகூட அசைக்கக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். “இது சரியாத்தான் இருக்கு… இதுவும் சரி…” என்று முணுமுணுத்தபடி அவன் கீழே போகிறான். காபி ஆறி ஆடை கட்டியிருக்கிறது. சட்டென்று மேலே திரும்பி வந்து, நாற்பதாவது வரியில் விரலை வைக்கிறான். “இதான் மேடம்!” “எப்படிப் பிடிச்சீங்க?” அவன் காதைச் சொறிகிறான். “இந்த வரிக்கு வந்தப்ப மட்டும் உங்க பேனா நின்னுடுச்சு மேடம்.” அவள் நோட்டைப் பின்னால் புரட்டுகிறாள். ஒரு வருட உழைப்பு. முப்பத்தொரு பேர், ஒருவர் விடாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. “அடுத்தவரை வரச் சொல்லுங்க” என்கிறாள். இந்தமுறை, பிழையே இல்லாத ஒரு வரியில் பேனாவை நிறுத்திப் பார்க்கப் போகிறாள்.