நாணுக்குப் பூசும் மெழுகு

பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்ததும், முனாப் சின்னச் சட்டியை அதற்குள் இறக்கித் தேன்மெழுகுக் கட்டிகளைப் போட்டான்.

நேரே நெருப்பில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். அதை அவன் நினைத்துப் பார்த்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் செய்தது.

தம்பி றவூபை அடக்கம் செய்து அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

ஹந்தானைப் பாறையில் தேனெடுக்க இறங்கியவன், கயிறு கழன்று விழுந்துவிட்டான். கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேலே கயிற்றோடு நின்றவன் முனாப்.

"அல்லாஹ்ட நாட்டம். நீங்க என்ன செய்ய ஏலும்?" என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவனும் தலையாட்டினான்.

சோறு வைத்தால் சாப்பிட்டான். பாங்கு சொன்னால் தொழப் பள்ளிக்குப் போனான். தம்பியின் மையத்தைக் கபுறுக் குழிக்குள் இறக்கியபோதுகூட அவன் கண் கலங்கவில்லை. கல் நெஞ்சக்காரன் என்று இரண்டொருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அதுவும் யாரையோ சொல்வது போலத்தான் இருந்தது.

காலையில் வெள்ளைக்காரத் துரைசாணியின் கார் டிரைவர் வந்திருந்தான். கண்டி வாவிக்கு மேலேயுள்ள பங்களாவிலிருந்து ஒரு பிஸ்கட் டின். துரைசாணி ரொம்பக் கவலைப்பட்டாவாம். சனிக்கிழமை வில் போட்டி இருக்கிறதாம், மெழுகை மறக்க வேண்டாமாம்.

பங்களாப் புல்வெளியில் வெள்ளைக்காரப் பெண்கள் வரிசையாக நின்று அம்பு விடுவார்கள். நாணுக்குப் பூச அவர்கள் சீமையிலிருந்து கொண்டுவந்த மெழுகு இந்தப் பக்கத்து வெயிலுக்கு இளகிப் பிசுபிசுத்தது. பூசாமல் விட்டாலோ, மழையில் நாண் ஊறி இழை இழையாகப் பிரிந்தது. மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த முனாப் தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து ஒருதரம் கொடுத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு துரைசாணிக்கு வேறு மெழுகு பிடிக்கவில்லை.

மெழுகு உருகித் தெளிந்தது. இடித்துச் சலித்த குங்கிலியத்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கிண்டினான். கூடினால் நாணில் வெடித்து உதிரும். குறைந்தால் விரலில் ஒட்டும். கடைசியில் நாலு சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டான்.

அகப்பையிலிருந்து ஒரு துளியைப் பச்சைத் தண்ணீரில் விட்டு எடுத்து, விரல்களுக்கிடையில் உருட்டினான். ஒட்டவுமில்லை, உதிரவுமில்லை. இவ்வளவு நன்றாக ஒருபோதும் வந்ததில்லை.

"மச்சான்."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து றலியாவின் குரல். றவூபின் மனைவி. புருஷனை இழந்து இத்தா இருப்பவள் அந்நிய ஆண்கள் முன்னே வெளியே வரமாட்டாள். இந்த ஒன்பது நாளில் அவள் அவனோடு பேசியதும் இல்லை.

"ம்."

"கடைசி நேரத்தில அவர் கலிமா சொன்னாரா?"

அல்லாஹ்வின் பேரைச் சொல்லியே விழுந்தான் என்றுதான் முனாப் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். பள்ளி லெப்பையிடம், மாமியிடம், தன் மனைவி றம்லத்திடம்கூட. சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. இப்போதும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இல்ல," என்றான்.

அகப்பையைக் கீழே வைத்தான்.

"'கூடைய விடுங்க காக்கா'ண்டு என்னப் பாத்துக் கத்தினான்."

மிச்சத்தையும் சொன்னான். கடையில் வெந்தயம் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னான். மரத்தில் போட்டிருந்த முடிச்சு நழுவத் தொடங்கியதை. கயிற்றில் தன் வலது கை மட்டும் இருந்ததை. இடது கையில், அப்போதுதான் மேலே இழுத்தெடுத்த கூடை இருந்ததை.

"ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா, அவன் கால் வைக்க எடம் தேடுற மட்டும் தாங்கியிருக்கும். தாங்காமலும் போயிருக்கும். தெரியா. ஆனா கூடைய நான் போடல்ல. வைக்க எடம் பாத்தேன், றலியா. சரியாம நிக்கிற மாதிரி ஒரு எடம். அதுக்குள்ள..."

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தான். அதுவுமில்லை.

சட்டியில் மெழுகு ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியது. சூட்டோடு ஊற்றாவிட்டால் வீணாகிவிடும். முனாப் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்து, சிந்தாமல் ஒவ்வொன்றாக ஊற்றினான்.

ஊற்றி முடித்த பிறகுதான் மறுபடி குரல் வந்தது.

"கூடையில அவ்வளவு தேனா இருந்திச்சி?"

முனாப் சட்டியைக் கீழே வைத்தான்.

"தேனில்ல. தேனீ உட்டுட்டுப் போன காஞ்ச அடை. மெழுகுக்குத்தான் எறங்கினான்."

திரை விலகியது. றலியா வெளியே வந்து நின்றாள். வெள்ளைப் புடவைக்குள் முகம் ஒன்பது நாளில் பாதியாகியிருந்தது.

"அந்த மெழுகு எங்க?"

முனாப் தரையில் வரிசையாக இருந்த சிரட்டைகளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

குனிந்து, இன்னும் சூடு ஆறாத ஒரு சிரட்டையை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு றலியா உள்ளே போனாள்.