நேர்ந்துவிட்ட முடி

தடதடவென்று குளியலறைக் கதவு அதிர்ந்தது.

"வேன் வந்து நிக்குது. இன்னும் உள்ள என்னடி பண்ற?"

மாமியார்.

அவள் உள்ளங்கையில் ஷாம்பூவை ஊற்றிக்கொண்டாள்.

நுரை அதிகம் வராத ஷாம்பூ. வாசனையும் கிடையாது. சுருட்டை முடிக்கென்றே செய்தது.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. சீயக்காய் போட்டால் முடி கயிறாகத் திரிந்தது. விளம்பரத்துப் பெண்ணின் பட்டுக் கூந்தலை நம்பி வாங்கியதெல்லாம் தலையைத் தென்னந்துடைப்பமாக்கின. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே காக்காக் கூடு. கல்யாணத்தன்று பார்லர்காரி இஸ்திரி போடுகிற மாதிரி இழுத்து இழுத்து நேராக்கினாள். தாலி ஏறுவதற்குள் வியர்வையில் அத்தனையும் எழுந்து நின்றது.

முடியில் குறையில்லை, கழுவியதில்தான் குறை என்பது போன மாதம்தான் புரிந்தது.

முதல் தடவையாக முடி அழகாகச் சுருண்டு விழுந்தது. கண்ணாடியைப் பார்த்து, "யாருடி நீ?" என்று தன்னையே கேட்டுச் சிரித்தாள்.

அந்த முடியைத்தான் இன்றைக்குக் கோயிலில் மழிக்கப்போகிறார்கள்.

கணவன் பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமியார் குலசாமியிடம் நேர்ந்துகொண்டாராம். மகன் பிழைத்து எழுந்தால் மருமகளுக்கு மொட்டை.

மகன் எழுந்துவிட்டான். வாசலில் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பது அவன்தான்.

அன்றைக்கே அவளைக் கேட்டிருந்தால் முடியென்ன, தலையையே கொடுத்திருப்பாள்.

யாரும் கேட்கவில்லை. சொன்னதே நேற்றுதான்.

நிதானமாக அலசினாள். அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்தாள். துண்டால் துவட்டினால் சுருள் கலைந்துபோகும். கணவனின் பழைய பனியனால் ஒற்றி எடுத்தாள்.

கதவைத் திறந்தாள்.

தண்ணீர் சொட்டச் சொட்ட, தோள் கொள்ளாமல் சுருள் சுருளாக.

மாமியார் ஒரு அடி பின்னால் போனார். அவர் பின்னந்தலையில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கொண்டை.

"பொங்கல் வைக்கிறேன் அத்தை. அங்கப்பிரதட்சணம் பண்ணச் சொல்லுங்க, பண்றேன். இதுல கத்தி படாது."

"அடிப்பாவி, சாமி குத்தம்டி!"

"நேந்துக்கிட்டது நீங்க. சாமி கேட்டா நான் பேசிக்கிறேன்."

ஹாரன் நீளமாக அலறியது.

மாமியாரின் கை விருட்டென்று மேலே எழுந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கை கன்னத்துக்கு வரவில்லை. காதோரம் தொங்கிய ஒரு சுருளைப் பிடித்தது. மெல்ல இழுத்தது. விட்டது.

சுருள் துள்ளி, இருந்த இடத்துக்கே போய் ஆடியது.

மாமியார் இன்னொரு தடவை இழுத்து விட்டார்.

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, மகன் காதில் விழாத குரலில் சொன்னார்:

"எனக்கும் சுருட்டைதாண்டி. எங்க மாமியா நேந்துக்கிற வரைக்கும்."