ஊசி போடாத எலி

ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு வெள்ளை எலிகள் இருந்தன. ஒன்றின் வாலில் சிவப்பு மை, இன்னொன்றின் வாலில் நீல மை. தினமும் காலையில் ஆராய்ச்சியாளர் மாதங்கி வருவார். சிவப்புவாலுக்கு மருந்து ஊசி போடுவார். நீலவாலை வெறுமனே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வெறும் பார்வைதான் நீலவாலுக்குப் பயத்தைக் கொடுத்தது.

"எனக்குன்னு பெருசா ஏதோ வச்சிருக்காங்க. இல்லேன்னா சும்மா விடுவாங்களா?" என்றது.

"மருந்து போட்டா என்ன ஆகும், போடலேன்னா என்ன ஆகும்னு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உன்னைச் சும்மா விட்டிருக்காங்க. பேசாம தின்னு," என்றது சிவப்புவால், கடலையைக் கொறித்தபடி.

நீலவாலுக்குத் தீனி இறங்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டாலே மூலையில் ஒடுங்கியது. கண்ணை மூடினால் ஊசிதான் தெரிந்தது. போகப்போக எலும்பும் தோலுமாகிவிட்டது.

ஒருநாள் மாதங்கி இரண்டையும் தராசில் வைத்தார். சிவப்புவால் கொழுகொழுவென்று இருந்தது.

"மருந்து என்னமா வேலை செய்யுது!" என்று பூரித்துப் போனார். பிறகு நீலவாலின் துருத்திய விலா எலும்பைத் தடவினார். "ஐயோ பாவம், மருந்து இல்லாம இப்படி ஆயிடுச்சே! நாளையிலேர்ந்து இதுக்கும் போட்டுடலாம்."

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று நடுங்கியது நீலவால்.