உறைப்புக் காணாது

கொழும்பிலிருந்து காலையில் வந்திறங்கிய குணமணி, தம்பி மதிசுதனைக் கண்டு கொதித்துப்போனாள். துறைமுக வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தான். ரேடியோ அலறியது. இரண்டாம் தரமும் புட்டும் கணவாய்க் கறியும் வாங்கித் தின்றுகொண்டிருந்தான்.

குசினியில் நின்ற அவன் மனைவி பிரியதர்சினியிடம் பாய்ந்தாள்.

"இதுக்குப் பேர் ஹெடோனிசம். கிரேக்கத்தில ஹெடோனே எண்டா இன்பம். இன்பம்தான் வாழ்க்கை எண்டு கிடக்கிற ஆக்களுக்காக வந்த சொல்லு. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறனான், எனக்குத் தெரியும்!"

"இஞ்சரப்பா, கறிக்கு உறைப்புக் காணாது!" முன்னறையிலிருந்து மதிசுதன் கத்தினான்.

பிரியதர்சினியின் கண்கள் நிறைந்து வழிந்தன.

"பாத்தியா, உன்னை அழவும் வைக்கிறான்!"

"இல்ல மச்சாள். உங்களுக்குச் சொல்லாம மறைச்சிட்டன். ஆறு மாசமா இவருக்குப் பாட்டுமில்ல, பசியுமில்ல. உப்பில்லாமக் குடுத்தாலும் பேசாமத் தின்பார். அன்ஹெடோனியா எண்டு டொக்டர் சொன்னவர். உங்கட அதே கிரேக்கச் சொல்லில இருந்து வந்ததாம். ஒண்டிலயும் இன்பம் தெரியாத வருத்தமாம். இண்டைக்குத்தான் வாய் திறந்து குறை சொல்றார்."

குணமணி பச்சை மிளகாய் இரண்டைக் கழுவி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள்.

"வேற என்ன வேணும்? சொல்லடா!"