கொள்ளுத் தண்ணி

சடையன் சொன்ன பொய்க்கு இந்தத் தை வந்தால் நாலு வயது.

வேலூரில் ஒன்றரை மாதம் தங்கி அவர் கரண்ட் வைத்துக்கொண்டது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்கொண்டது, புராஸ்டேட் புற்றுநோய்க்கு. மலைக்குத் திரும்பிச் சொன்னது சிறுநீரகக் கல் என்று. ஆம்பளைக்கு அந்த இடத்தில் நோய் என்றால் நெல்லிவாசல்நாடு முழுக்கச் சிரிக்காதா? கல் என்றால் கொஞ்சம் கௌரவம். மனைவி பெரியம்மாளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவளிடமும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

அதோடு நின்றிருக்கலாம். மிச்சக் கல்லைக் கொள்ளுத் தண்ணிதான் கரைத்தது என்று ஒருநாள் வாயை விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் வைத்தியர். சுற்றியிருக்கிற குக்கிராமங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. எத்தனை டம்ளர், எந்த வேளை என்று கூசாமல் சொன்னார். கேட்கிறவர்கள் கும்பிடும்போது சுகமாகத்தான் இருந்தது.

வைத்தியர் தன் வைத்தியத்தை மட்டும் மறந்துபோனார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போளூர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். ரெண்டு வருஷமாகப் போகவில்லை. கேழ்வரகு அறுப்பு, புளி உலுக்கல் என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. உண்மையில் பயம். மறுபடி வந்திருந்தால்?

அப்போதுதான் பெரியம்மாளின் தம்பி தங்கவேல் வந்தான். அவனுக்கே அறுபது தாண்டிவிட்டது.

“மாமா, அடிக்கடி ஒதுங்கத் தோணுது. போனா சொட்டுச் சொட்டாத்தான் போவுது. ஒரு மாசமா உங்க கொள்ளுத் தண்ணிதான் குடிக்கிறேன். கல்லு கரைஞ்சிடும் இல்ல?”

சடையனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இன்னும் நாலு மாதம் குடித்தால், தன் கௌரவமே இவனைக் கொன்றுவிடும்.

“கல்லு இல்ல தங்கவேலு. எனக்கும் கல்லு இல்ல. கேன்சர். நான் சொன்னது பொய்.”

தங்கவேல் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. பயமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று மட்டும் கேட்டான்.

மறுநாளே ஷேர் ஜீப்பில் போளூருக்கு இறங்கினார்கள். வழி நெடுக சடையன் தைரியம் சொன்னார். சீக்கிரம் பார்த்துவிட்டால் ஒன்றுமில்லை, ரத்தம் எடுப்பது எறும்பு கடிக்கிற மாதிரி, இதற்குப் பயப்படுகிறவன் ஆம்பளையா என்றெல்லாம். பேசப் பேச, தானே பெரிய வீரன் என்று அவருக்கும் தோன்றிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தங்கவேல் போய்ச் சீட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“சடையன் யாருங்க? ரத்தம் குடுக்க வாங்க.”

“பேரு மாறிப்போச்சும்மா. நோயாளி இவன், தங்கவேலு” என்றார் சடையன்.

தங்கவேல் எழுந்து, மாமாவின் சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டான்.

“எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. ரெண்டு வருசமா நீங்க இங்க வரலன்னு அக்கா அழுதுச்சி. எறும்பு கடிதானே, கைய நீட்டுங்க.”