கோட்டுக்குக் கீழே

"டைனோசருங்க மொத்தமும் ஒரே நாள்ல காலி. காலைல மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வானத்துலேர்ந்து ஒரு கல்லு வந்து விழுந்துச்சு. சாயந்தரம் கிடையாது. ஆறரைக் கோடி வருஷமா இதுதான் உண்மை. இனிமேலும் இதுதான் உண்மை."

பேராசிரியர் இதைக் கருத்தரங்கில் பேசுவது போலவே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஆய்வக உதவியாளர் ஒருவர்தான்.

"சரிங்க சார். கொஞ்சம் காலைத் தூக்குங்க, பெட்டியை இழுக்கணும்."

கல்லூரியின் நிலவியல் துறையில் உதவியாளர் காலி செய்துகொண்டிருந்த அந்த அறை, பேராசிரியரின் அறைக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே இருந்த பேராசிரியையை மாணவர்கள் 'எரிமலை மேடம்' என்பார்கள். பேராசிரியருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'விண்கல்'. கல் விழுந்தது கடைசியில்தான், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எரிமலைகள் புகைந்து கடலும் காற்றும் கெட்டுப்போய்விட்டன என்பது மேடத்தின் கட்சி. இருவரும் இருபது வருடம் சண்டை போட்டார்கள். போன வாரம் மேடம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஊர்க் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார்.

"இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் ராஜினாமாவை வாபஸ் வாங்கலாம்னு பிரின்சிபால் சொல்லியிருக்காராம்" என்றார் உதவியாளர். "நீங்க ஒரு போன் போட்டா மேடம் வந்துருவாங்க சார்."

"நான் எதுக்குப் போடணும்? திங்கட்கிழமை வரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க? செவ்வாய்க்கிழமை திடீர்னு கிளம்பினா நான் என்ன பண்றது?"

"திடீர்னா? போன வருஷத்துலேர்ந்தே புஸ்தகத்தை ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போனாங்களே. பாருங்க, அலமாரில பாதி காலி. நீங்க கவனிக்கலையா?"

பேராசிரியர் அலமாரியைப் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றினார்.

"அண்ணே, அவங்க ஆராய்ச்சி பண்ற அழகு தெரியுமா? கல்லைக் கண்டா நக்குவாங்க. பல்லுல வெச்சுக் கடிப்பாங்க. பக்கத்து ரூம்ல மெஷினு சும்மா தூங்குது, இவங்க குச்சி மிட்டாய் மாதிரி சப்பிக்கிட்டு நிப்பாங்க!"

"வழவழன்னா களிமண்ணு, நறநறன்னா எரிமலைச் சாம்பலு. எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க சார்."

"நீங்களுமா நக்கினீங்க?"

"ஒரே ஒரு தடவை. உப்பு கம்மி."

பேராசிரியர் சிரிக்கவில்லை. உதவியாளர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்தார்.

"ஐயோ, கண்ணாடியை மறந்துட்டாங்களே!"

"அது பழசு. படிக்கறதுக்குப் புதுசு வெச்சிருக்காங்க" என்றார் பேராசிரியர்.

கண்ணாடிக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் இருந்தது. நடுவில் விரல் பருமனுக்கு ஒரு கறுப்புக் கோடு. கல்லின்மேல் ஒட்டியிருந்த சீட்டில், 'உங்களுக்கு. ஒரே ஒரு தடவை' என்று எழுதியிருந்தது.

"இந்தக் கல்லைத்தான் மேடம் எப்பவும் காட்டுவாங்க. கோடுதான் உங்க கல்லு விழுந்த நாளாம். கோட்டுக்குக் கீழேயே சாம்பல் நறநறத்துச்சுன்னா, அழிவு எப்பவோ ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தமாம். 'அவரை ஒரு தடவை நாக்குல வெச்சுப் பாக்கச் சொல்லுங்க'ன்னு என்கிட்டயே எத்தனை வாட்டி சொல்லியிருப்பாங்க!"

"எனக்கு வேற வேலை இல்லையா? தூக்கிப் போடுங்க."

உதவியாளர் தூக்கிப் போடவில்லை. கல்லை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கடைசிப் பெட்டியோடு கீழே இறங்கினார். பேராசிரியர் செல்பேசியை எடுத்தார், பார்த்தார், மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து.

உதவியாளர் வாசலில் வந்து நின்றார். இந்த முறை உள்ளே வரவில்லை.

"இருபத்தி மூணு பெட்டியும் வண்டில ஏத்தியாச்சு சார். அடுத்து... உங்க வீட்டுக்குத்தான் போகணும். மேடத்தோட துணிமணி, பீரோ, தையல் மெஷினு எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. வீட்ல யாராவது இருப்பாங்களா?"

"இனிமே யாரு இருக்கா?" என்று வீட்டுச் சாவியை நீட்டினார் பேராசிரியர்.

காலடிச் சத்தம் படியிறங்கி ஓய்ந்ததும், அவர் கதவைச் சாத்திவிட்டுக் கல்லை எடுத்தார்; யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டு, நாக்கில் வைத்து லேசாகக் கடித்தார்.

கோடு வழவழவென்று இருந்தது. அதற்குக் கீழே, ரொம்பக் கீழேயே, பல்லில் நறநறத்தது.